பவர் ராக்கெட்டிலிருந்து கண்ட்ரோல் ராக்கெட்டுக்கு: திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

சென்னையில் நான் ஆடும் டென்னிஸ் கோர்ட்டில் காலை ஆறு மணிக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நான்தான் ஸ்ட்ரிங் போட்டுக் கொடுக்கிறேன். தொழில் இல்லை, வீட்டு முன்னறையில் ஒரு மெஷின் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ராக்கெட்டை முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷமும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார். சமீப காலமாகக் கேள்வியெல்லாம் ஒரே திசையில் வருகிறது: "பந்து கோட்டுக்குள்ள நிக்கவே மாட்டேங்குது, கண்ட்ரோல் ராக்கெட்டுக்கு மாறிடலாமா?" எழுதி வைத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஸ்ட்ரிங்கைக் கவனிக்கலாமே என்றுதான் இது.

"பவர் ராக்கெட், கண்ட்ரோல் ராக்கெட்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் வித்தியாசம்?"

பந்து ஸ்ட்ரிங்கோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் ஸ்ட்ரிங் உள்வாங்கி மீள்கிறது, ஃப்ரேம் பின்பக்கமாக வளைகிறது. ஸ்ட்ரிங் தான் வாங்கியதில் பெரும்பகுதியைப் பந்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஃப்ரேம் கொடுக்காது. அது வளைந்து நிமிர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். ஆக, ஃப்ரேம் வளைவது குறையக் குறைய பந்தில் வேகம் மிஞ்சும். தடித்த, விறைப்பான ஃப்ரேம், பெரிய தலை, இடைவெளி அதிகம் உள்ள ஸ்ட்ரிங் அமைப்பு மூன்றும் சேர்ந்தால் பவர் ராக்கெட். மெல்லிய, வளைந்து கொடுக்கும் ஃப்ரேம், கொஞ்சம் சின்னத் தலை, நெருக்கமான ஸ்ட்ரிங் என்றால் கண்ட்ரோல் ராக்கெட்.

கண்ட்ரோல் என்ற பெயர் ஆளை ஏமாற்றும். அந்த ராக்கெட் பந்தைக் கோட்டுக்குள் பிடித்து வைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. நீங்கள் கொடுப்பதைப் பந்துக்குச் சேர்ப்பிக்கும், தன் பங்காக எதையும் போடாது. குறைவாகக் கொடுத்தால் பந்தும் குறைவாகத்தான் போகும்.

"என்னோடது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஃப்ரேமின் உட்பக்கத்திலேயே தலையின் பரப்பும் ஸ்ட்ரிங் அமைப்பும் அச்சடித்திருக்கும். 100 சதுர அங்குலமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் பவர் பக்கம். 98, 97, 95 என்று இறங்க இறங்கக் கண்ட்ரோல் பக்கம். அப்புறம் ஃப்ரேமைப் பக்கவாட்டில் திருப்பி, ஸ்கேல் வைத்துத் தடிமனைப் பாருங்கள். 23 மி.மீ.க்கு மேல் போனால் அது பவர் ராக்கெட்டின் உடம்பு.

நம் கோர்ட்டில் நிறையப் பேர் வைத்திருக்கும் பாபோலாட் பியூர் டிரைவை எடுத்துக்கொள்வோம். 1994இல் வந்தது. தலை 100, ஸ்ட்ரிங் இல்லாமல் 300 கிராம், 16×19 அமைப்பு (நேரில் 16, குறுக்கில் 19 ஸ்ட்ரிங்), தடிமன் இடத்துக்கு இடம் 23 முதல் 26 மி.மீ. வரை. விறைப்பை ஆர்.ஏ. என்ற எண்ணால் சொல்வார்கள், இதற்கு அது 70ஐ ஒட்டி வரும். எதிர்ப்பக்கத்துக்கு வில்சன் பிளேட் 98: தலை 98, 305 கிராம், தடிமன் 21 மி.மீ., ஆர்.ஏ. 60ஐ ஒட்டி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதற்கு இடையிலோ அக்கம்பக்கத்திலோ வந்து உட்கார்ந்துவிடும்.

"அடிக்கிற பந்தெல்லாம் பின்கோட்டை (பேஸ்லைன்) தாண்டுது. மாத்த வேண்டியது ராக்கெட்டையா, என்னையா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முழுப் பதில் இல்லாமல் யாருக்கும் புது ராக்கெட்டைச் சிபாரிசு செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ராக்கெட் கைக்கு வந்ததும் நான் பார்ப்பது ஸ்ட்ரிங்கில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதை. நேர் ஸ்ட்ரிங்கும் குறுக்கு ஸ்ட்ரிங்கும் சந்திக்கும் இடத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் விழுந்திருக்கும், பந்தின் மஞ்சள் பஞ்சு சிக்கியிருக்கும். அந்தத் தேய்மானம் நடுவில் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்குள் அடங்கியிருந்தால் நீங்கள் பந்தைச் சரியாகத்தான் சந்திக்கிறீர்கள். அப்போது ராக்கெட்டைப் பற்றிப் பேசலாம். தேய்மானம் தலை உச்சியிலிருந்து தொண்டை வரை சிதறிக் கிடந்தால், சின்னத் தலை வாங்கினால் நிலைமை மோசமாகும். சமீபத்தில் ஒருவர் கொண்டுவந்த ராக்கெட்டில் நடுவில் ஸ்ட்ரிங் புதுசு மாதிரி இருந்தது, நுனியில் மட்டும் அறுந்திருந்தது. அவருக்கு நான் சொன்னது, "சார், ஒரு மாசம் கோச்சிங் போங்க."

அடுத்தது கை எங்கே போய் முடிகிறது என்பது. பயிற்சியில் ஃபோர்ஹேண்ட் அடித்தால் ராக்கெட் தோளுக்குப் பின்னால் போய் நிற்கிறது. மேட்சில் ஸ்கோர் 30-30 வந்ததும் அதே கை மார்போடு நின்றுவிடுகிறது. ஏன்? முழுசாக அடித்தால் வெளியே போய்விடும் என்ற பயம். கண்ட்ரோல் ராக்கெட்டுக்கு உரிய ஆள் இவர்தான். இவரிடம் வேகம் இருக்கிறது, ராக்கெட் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவதால் செலவு செய்யப் பயப்படுகிறார். ஆனால் கால் நேரத்துக்குப் போய்ச் சேராததால் கை பாதியில் நின்றால் கதை வேறு. இப்போது அந்த அரைகுறை அடியை மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே உங்கள் பவர் ராக்கெட்தான். அதைப் பிடுங்கிவிட்டால் பந்து சர்வீஸ் கோட்டருகே விழும், எதிராளி உள்ளே வந்து சாத்துவார்.

"ராக்கெட்டை விட்டுட்டு ஸ்ட்ரிங்கை மட்டும் மாத்திப் பார்க்கலாமா?"

பார்க்கலாம் என்ன, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். செலவு புது ராக்கெட்டில் பத்தில் ஒரு பங்குதான். எப்போது ஸ்ட்ரிங் போட்டீர்கள் என்று கேட்டால் "போன வருஷம் தீபாவளிக்கு" என்பவர்களும் இருக்கிறார்கள். டென்ஷன், அதாவது கட்டிய இறுக்கம், தளர்ந்த ஸ்ட்ரிங்கில் பந்து எங்கே போகும் என்று ராக்கெட்டுக்கே தெரியாது.

நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று: இறுக்கிக் கட்டினால் அடி பலமாக இருக்கும் என்பது. அப்படி இல்லை. தளர்வாக இருந்தால்தான் ஸ்ட்ரிங் அதிகம் உள்வாங்கி அதிகம் திருப்பித் தரும். இறுக்கினால் பந்து தாழ்வாகப் போய், சற்றுக் குறுகி, அதாவது கோட்டுக்கு முன்னாலேயே, விழும். ஆகவே இப்போது டென்ஷன் 53 பவுண்டு என்றால் 55 போட்டுப் பாருங்கள். இரண்டு பவுண்டு வித்தியாசமே கைக்குத் தெரியும்.

இன்னொரு வழி ஸ்ட்ரிங் வகையை மாற்றுவது. பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த மெத்தென்ற மல்டிஃபிலமென்ட்டிலிருந்து பாலியெஸ்டருக்குப் போனால் பவர் குறையும், டாப்ஸ்பின் (பந்தின் முன்பக்கச் சுழற்சி) கூடும். பாலியெஸ்டர் வழுக்கும். அடிக்கும்போது நேர் ஸ்ட்ரிங் பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று திரும்பி வரும், பந்து கூடுதலாகச் சுழன்று கோட்டுக்குள் இறங்கும். 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ கூர்டென் பாலியெஸ்டர் போட்டு பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓடியது. ஆனால் மல்டிஃபிலமென்ட்டுக்குப் போடும் டென்ஷனையே இதற்கும் போடாதீர்கள், நாலைந்து பவுண்டு குறையுங்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடியதும் இது உயிரை விட்டுவிடும், அறுந்திருக்காவிட்டாலும் மாற்ற வேண்டும். இதெல்லாம் செய்தும் பந்து வெளியே போனால், தேய்மானமும் நடுவில் இருந்தால், சரி, ராக்கெட் பார்க்கலாம்.

"பேரைச் சொல்லுங்க சார், எதை வாங்கலாம்?"

பியூர் டிரைவ் மாதிரி ஒன்றிலிருந்து வருகிறவர் முதலில் ஒரு படி மட்டும் இறங்குவது நல்லது. வில்சன் பிளேட் 100, யோனெக்ஸ் பெர்செப்ட் 100 இரண்டும் 300 கிராம், 16×19. ஹெட் கிராவிட்டி எம்.பி. 295 கிராம், 16×20. மூன்றிலும் தலை அதே 100தான், உடம்பு மெலிந்து வளைவு கூடியிருக்கும். கை பலமும் கால் வேகமும் உள்ளவர்கள் அதற்கும் அடுத்த படிக்கே போகலாம்: பிளேட் 98, ஹெட் ரேடிகல் எம்.பி. (98, 300 கிராம்), பெர்செப்ட் 97 (310 கிராம்).

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பியூர் டிரைவிலிருந்து நேரே 95 அங்குலத் தலையும் 18×20 ஸ்ட்ரிங்கும் கொண்ட 320 கிராம் ராக்கெட் ஒன்றுக்குத் தாவினேன். பார்க்க அவ்வளவு அழகு. முதல் செட்டில் நானே என் பேக்ஹேண்டைப் பார்த்து அசந்தேன். மூன்றாவது செட்டில் கை தூக்க முடியவில்லை. மூன்றாவது மாதம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ராக்கெட்டின் மேல் தப்பில்லை, அது எனக்கானது இல்லை.

"16×19ஆ, 18×20ஆ?"

முதல் எண் நேர் ஸ்ட்ரிங், அடுத்தது குறுக்கு ஸ்ட்ரிங். 18×20இல் கட்டம் சின்னது, பந்து குறைவாக அமுங்கும், தாழ்வான கோணத்தில் கிளம்பும். கோணத்தில் ஒரு டிகிரி மாறினாலே பந்து விழும் இடம் சில அடி தள்ளிப் போகும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. தட்டையாக, நேராக அடிப்பவர்களுக்கு 18×20 சொர்க்கம். டாப்ஸ்பின் போட்டுப் பந்தை மேலே தூக்கி இறக்குபவர்கள் 16×19ஐ விடாதீர்கள்.

"என்னோடது 300 கிராம், இது 305. அஞ்சு கிராம்ல என்ன வந்துடப்போகுது?"

தராசில் ஒன்றும் இல்லை. ஒரு ராக்கெட்டை வீசும்போது எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பது வேறு கணக்கு, அதற்கு ஸ்விங்வெயிட் என்று பெயர். சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்து வீசிப் பாருங்கள், அப்புறம் கைப்பிடியைப் பிடித்து வீசிப் பாருங்கள். எடை அதேதான், கைக்கு இரண்டும் வேறு. ராக்கெட்டிலும் எடை தலையில் இருக்கிறதா, பிடியில் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. கண்ட்ரோல் ராக்கெட்டுகளில் பலவும் எடை கூடினாலும் பிடிப் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் பயந்த அளவுக்குக் கனக்காது.

விளம்பரத்தில் இருக்கும் எடை ஸ்ட்ரிங் இல்லாதது. ஸ்ட்ரிங், மேல் கிரிப், அதிர்வு அடக்கும் ரப்பர் எல்லாம் ஏறினால் இன்னும் 20, 25 கிராம் சேரும். ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் எடையில் சில கிராம் வித்தியாசம் இருக்கும். இரண்டாக வாங்குபவர்கள் கடையில் தராசு கேட்க வெட்கப்படாதீர்கள்.

"பவர் ராக்கெட்லயே ஈயப் பட்டை ஒட்டி கண்ட்ரோல் கொண்டுவர முடியாதா?"

பாதி முடியும். தலையின் இரு பக்கமும், அதாவது கடிகாரத்தின் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடத்தில், இரண்டிரண்டு கிராம் ஒட்டினால் நடுவை விட்டு விலகிப் படும் பந்திலும் ராக்கெட் கையில் திருகாது. அந்த உறுதி ஒருவகைக் கண்ட்ரோல்தான். ஆனால் தலையில் ஏற்றும் எடை பந்துக்கு வேகத்தையும் கூட்டும். உச்சியில், 12 மணி இடத்தில், ஒரு கிராம் ஒட்டினால் ஸ்விங்வெயிட் மூன்று புள்ளிக்கு மேல் ஏறும். விறைப்பை எந்தப் பட்டையாலும் குறைக்க முடியாது. முதல் பதிலில் சொன்ன வளைவு ஃப்ரேமின் கார்பனிலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

"மாறினா என் சர்வ் வேகம் குறைஞ்சிடுமா?"

கொஞ்சம் குறையலாம். ஆனால் முதல் சர்வ் கூடுதலாக உள்ளே விழும், இரண்டாவது சர்வை நம்பிக்கையோடு சுழற்றி அடிக்கலாம். கிளப் டென்னிஸில் பாயிண்ட் போவது இரண்டு சர்வும் தவறும் டபுள் ஃபால்ட்டில்தான்.

"வாங்கறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கறது?"

இங்கே டெமோ ராக்கெட் கொடுக்கும் கடைகள் குறைவு. வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் கேளுங்கள். வலையருகே நின்று மெதுவாகத் தட்டும் மினி டென்னிஸ் ஆடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எல்லா ராக்கெட்டும் மினி டென்னிஸில் நன்றாகத்தான் இருக்கும். குறைந்தது மூன்று நாள், அதில் ஒருநாளாவது எண்ணிக்கை வைத்த மேட்ச். வேகமான சர்வை எடுக்கும்போதும், ஓடிப்போய் எட்டிப் பிடிக்கும் பந்திலும், இரண்டாவது செட் கடைசியிலும்தான் குணம் தெரியும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: "வெளியே", "வலை". ஒவ்வொரு கேம் முடிந்ததும் கோடு இழுங்கள். பழைய ராக்கெட்டில் வெளியே 14, வலை 5 என்று இருந்து, புதியதில் வெளியே 7, வலை 6 என்றானால் யோசிக்க வேண்டாம். வெளியே 5, வலை 15 என்றானால் கொடுத்தவரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருடைய ஸ்ட்ரிங் எது, டென்ஷன் என்ன என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதித்தது ஸ்ட்ரிங்கையாக இருக்கும்.

"வாங்கிட்டேன். ரெண்டு வாரமா எல்லாம் வலையிலதான் போய் விழுது. ஏமாந்துட்டேனா?"

இல்லை, இது எல்லோருக்கும் நடக்கும். பழைய ராக்கெட்டில் வலைக்கு ஓரடி மேலே அடித்தாலே பந்து ஆழமாகப் போய் விழுந்திருக்கும். கண்ணும் கையும் அந்த உயரத்துக்குப் பழகிவிட்டன. இப்போது வலைக்கு மேலே மூன்று நான்கு அடி உயரத்தில் ஒரு ஜன்னல் இருப்பதாக வைத்துக்கொண்டு அதற்குள் அடியுங்கள், கையை முழுசாக விடுங்கள். அப்புறமும் குறுகி விழுந்தால் டென்ஷனை இரண்டு பவுண்டு இறக்குங்கள். பவர் ராக்கெட்டில் இறுக்கிக் கட்டிப் பழகியவர்கள் புதியதிலும் அதே எண்ணைச் சொல்வார்கள், தப்பு அங்கேதான். ஆறு வாரம், அதாவது ஏழெட்டு மேட்ச் கொடுத்துப் பாருங்கள்.

"எனக்கு வயசு 52. டபுள்ஸ் மட்டும்தான். நானும் மாறணுமா?"

எதற்கு? வலையருகே பந்து தரையில் படும் முன் அடிக்கும் வாலிக்கும், சர்வைச் சும்மா தடுத்து அனுப்புவதற்கும் 100 அங்குலத் தலை தரும் இலவச ஆழம் பெரிய சொத்து. டபுள்ஸில் முழு வீச்சுக்கு நேரமே கிடைப்பதில்லை. மல்டிஃபிலமென்ட்டை இரண்டு பவுண்டு இறுக்கிப் போட்டுத் தருகிறேன், வாங்க.

"முழங்கை வலிக்குது. கண்ட்ரோல் ராக்கெட் கைக்கு நல்லதாமே?"

ஃப்ரேம் வளைந்து கொடுப்பதால் அதிர்வு குறையும், அந்த அளவில் சரிதான். ஆனால் அதில் பாலியெஸ்டரை இறுக்கிக் கட்டினால் வந்த லாபமெல்லாம் போய்விடும். வலி உள்ளவர்களுக்கு நான் பாலியெஸ்டர் போடுவதே இல்லை. இயற்கை கட் (gut) ஸ்ட்ரிங் கைக்கு இதமானது, மாட்டுக் குடலில் செய்வது. ஆனால் விலை அதிகம், நம் கடற்கரைக் காற்றிலும் வியர்வையிலும் சீக்கிரம் பிரிந்துவிடும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வலியோடு புது ராக்கெட்டைச் சோதித்தால் எந்த ராக்கெட்டும் குற்றவாளியாகத்தான் தெரியும்.

"பையனுக்கு 13 வயசு. பெரிய பிளேயர்ஸ் வைச்சிருக்கிறதையே கேட்கறான்."

கடையில் இருப்பதும் அவர்கள் கையில் இருப்பதும் பல நேரம் வேறு வேறு. பழைய மாடல் ஃப்ரேமுக்குப் புது மாடலின் பெயிண்ட் அடித்து ஆடுவது தொழில்முறை டூரில் சகஜம். பீட் சாம்ப்ராஸ் 85 அங்குலத் தலையோடு ஆடி 14 கிராண்ட்ஸ்லாம் வென்றார், உண்மை. ஆனால் 90 அங்குலத்தில் ஆடிக்கொண்டிருந்த ஃபெடரரே 2014இல் 97க்குப் பெரிதாக்கிக்கொண்டார், எதிராளிகளின் சுழற்சியும் வேகமும் அப்படி. பதிமூன்று வயதுக்கு 100 தலை, 280 கிராமை ஒட்டிய ராக்கெட் போதும். வளர்ந்து, தானாக அடித்து நொறுக்க ஆரம்பித்த பிறகு மூன்றாவது கேள்விக்கு வாருங்கள்.

"சென்னையில நல்லா நின்ன பந்து பெங்களூருல வெளிய வெளிய போகுது. ராக்கெட் கெட்டுப்போச்சா?"

கெட்டது ராக்கெட் இல்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்தை நிறுத்துவதற்கு ஆள் இல்லை. 1,219 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்கென்று சர்வதேச டென்னிஸ் சம்மேளன விதியிலேயே தனிப் பந்து உண்டு, ஊட்டி அந்தக் கணக்கில் வந்துவிடும். பெங்களூரு போட்டிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பவுண்டு கூட்டிப் போட்டு அனுப்புவேன்.

நம் ஊர் மே மாத வெயிலிலும் இதில் பாதி நடக்கும். பந்துக்குள் இருக்கும் காற்று சூடாகி அழுத்தம் ஏறும், பந்து துள்ளும். காலை ஆறு மணிக்கு நின்ற பந்து பத்து மணிக்கு நிற்காததற்குக் காரணம் அதுதான். ராக்கெட்டைக் கார் டிக்கியில் வெயிலில் விட்டு ஆபீஸ் போனீர்களானால் ஸ்ட்ரிங்கும் தளர்ந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பழையதை வித்துடலாமா? இல்ல ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடலாமா?"

மாற்றி மாற்றி ஆடவே கூடாது. திங்கட்கிழமை ஓரடி உயரம், புதன்கிழமை நாலடி உயரம் என்றால் கை எதைத்தான் பழகும்? விற்பதற்கும் அவசரப்படாதீர்கள், ஆறு வாரம் போகட்டும். அதுவரை பரணில் கிடக்கட்டும்.

நான் பிளேடுக்கு வந்தபோது பழைய பியூர் டிரைவின் ஸ்ட்ரிங்கை நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு வெறும் ஃப்ரேமாக மாட்டி வைத்தேன். மோசமாகத் தோற்றுவிட்டு வந்த இரண்டு சனிக்கிழமைகளில் அதைக் கையில் எடுத்தும் பார்த்தேன். ஸ்ட்ரிங் போட நாற்பது நிமிஷம் ஆகும் என்ற சோம்பலில் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.